தூங்க வைத்த அடுப்பு

மாமியார் கூப்பிட்ட சத்தத்தில் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்த மருமகள் முதலில் தொட்டது கட்டிலில் கிடந்த மாமனாரை அல்ல, அடுப்புக் குழாயில் இருந்த பிடியை. பிடி படுக்கைவாட்டில் இருந்தது. அப்படி இருந்தால் குழாய் மூடியிருக்கிறது என்று அர்த்தம். எதற்கு இதைச் செய்கிறோம் என்று அவளுக்கே விளங்குவதற்கு முன் கை அதை நிமிர்த்திவிட்டது. அதற்குப் பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நேரமா எழுப்பறேன், பாரு. அசையவே மாட்டேங்கறார்," என்றாள் அத்தை. குரலில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து காலையில் அவரை எழுப்புவது அவள் வேலை. ஒரே கூப்பிடலில் அவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

மருமகள் மாமாவின் நெற்றியில் கை வைத்தாள். சில்லிட்டிருந்தது. ஆனால் கன்னங்கள் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன, வெயிலில் நடந்துவிட்டு இப்போதுதான் வந்து படுத்தவர் மாதிரி. உதடுகள்கூடச் சிவந்திருந்தன. ஓடிப்போய் வாசல் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

"எதுக்குக் கதவைத் திறக்கறே? அவருக்குக் குளிரும்."

"காத்து வரட்டும் அத்தை."

அத்தை அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் அடுப்பு தூங்கும். மற்ற வீடுகளில் படுக்கப்போகும்போது கதவைப் பூட்டியாச்சா என்று கேட்பார்கள், இங்கே, "அடுப்பைத் தூங்க வச்சாச்சா?" என்று கேட்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடியிருக்கிறாள். விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நடு அறையில் இருக்கும் இரும்பு அடுப்புதான் வீட்டுக்கே சூடு. கூரை வரை போகும் குழாயில் ஒரு தகடு, அதைத் திருப்ப ஒரு பிடி. நெருப்பு அடங்கி, கங்கு கறுத்த பிறகு பிடியைத் திருப்பினால், இரும்பில் ஏறிய சூடு குழாய் வழியாகப் போகாமல் விடியும் வரை அறையிலேயே நிற்கும். கறுத்தால் செத்த நெருப்பு, மூடலாம். சிவப்பு தெரிந்தால் உயிருள்ள நெருப்பு, மூடக்கூடாது. இது அத்தையின் சட்டம். அடுப்பைத் தூங்க வைக்கிற உரிமையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

சட்டத்தில் தப்பில்லை. ஆனால் அது காய்ந்த விறகுக்கும் நிஜமான குளிருக்கும் போட்ட சட்டம். முன்பெல்லாம் இந்த மாதத்தில் வாசல்படி தெரியாமல் பனி கிடக்கும். வெளியே குளிர் எவ்வளவு கடுமையோ, அவ்வளவு வேகமாகப் புகை மேலே ஏறும். குழாய் உறுமுகிற சத்தம் மாடி வரை கேட்கும். இப்போது சில வருஷங்களாகக் குளிர்காலம் ஒழுங்காக வருவதே இல்லை. பனிக்குப் பதில் மழை, மழைக்குப் பதில் மூடுபனி. எப்படியும் குளிரப்போவதில்லை என்று ஊரில் யாரும் முன்கூட்டி விறகு வாங்கி அடுக்குவதில்லை. பிறகு நாலு நாள் குளிர் திடீரென்று வந்து கடித்ததும் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள். கோடையிலும் பெய்த மழையில் கடை விறகு எங்கே காய்ந்திருக்கும்? இந்த வருஷம் வாங்கியது போன வாரம் வரை மரமாக நின்றது என்று சொன்னாலும் நம்பலாம். அடுப்பில் வைத்தால் எரியாது. முனையில் நுரை தள்ளிக்கொண்டு அழும்.

டாக்டர் வந்தார். கழுத்தில் சுற்றிய கம்பளியைக்கூட அவிழ்க்கவில்லை. மாமாவுக்கு நெடுநாள் இருமல், போன வருஷம் நெஞ்சு வலி வந்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். "இதயம் நின்னிருக்கு. தூக்கத்திலேயே போயிருக்கார். கஷ்டப்படலை," என்றார்.

மருமகள் வாயைத் திறந்தாள். அத்தை டாக்டரின் காலடியில் உட்கார்ந்து அவர் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கஷ்டப்படலை என்கிற ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவள் மாதிரி. "ஏதாவது சூடா குடிக்கிறீங்களா?" என்று மட்டும் மருமகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாமாவை முன் அறைக்கு மாற்றினார்கள். அது அத்தை துணி தைக்கிற அறை. இந்த வாரம் அவர் இருமல் தாங்காமல் அத்தை அங்கேதான், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். அவர் பஸ் ஓட்டியவர். அவர் இருமலை வீட்டில் ஹாரன் என்றுதான் சொல்வார்கள். நேற்று ஹாரன் சத்தம் கேட்கவே இல்லை, நிம்மதியாகத் தூங்கினேன் என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு தடவையும் மருமகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். அத்தை நடு அறையில் படுத்திருந்தால் இன்றைக்கு இரண்டு பிணம். மாடியில் தானும் புருஷனும் காலையில் தலை பாரத்தோடு எழுந்தது இப்போது ஞாபகம் வந்தது. படிக்கட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தால் எல்லோரும்தான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். "என்ன களை, பாருங்க. தூங்கற மாதிரியே இருக்கார்," என்றார் விறகுக்கடைக்காரர். அவரும் மாமாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். "நோயில படுத்த ஆளுன்னு யார் சொல்லுவா? உயிரோட இருந்தப்பகூட அவன் இவ்வளவு நிறமா இருந்ததில்ல."

அவர் வெறுங்கையோடு வரவில்லை. தள்ளுவண்டி நிறைய விறகு கொண்டுவந்து வாசலில் இறக்கினார். ஆட்கள் வந்து போகிற வீட்டில் அடுப்பு அணையக்கூடாது, பணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றார். மருமகள் ஒரு கட்டையைக் கையில் எடுத்தாள். பச்சைப்பிள்ளை கனம் கனத்தது. பட்டையை விரலால் அழுத்தினால் நீர் கசிந்தது.

"ரொம்ப ஈரமா இருக்கே."

"என்னம்மா செய்யறது. முன்னாடி ரெண்டு கோடை காய வச்சுத்தான் விப்பேன். இப்ப கோடைன்னு ஒண்ணு வந்தாத்தானே? வானமே சரியில்ல. ஊர் பூராவும் இதைத்தான் எரிக்குது."

தெருவைப் பார்த்தாள். உண்மைதான். எல்லா வீட்டுக் கூரையிலும் புகை இருந்தது. ஆனால் ஒரு வீட்டுப் புகையும் மேலே போகவில்லை. குழாயை விட்டு வெளியே வந்து, போக இடம் தெரியாத ஆள் போலக் கொஞ்சம் தயங்கி, கூரைச் சரிவில் வழிந்து தெருவில் இறங்கிப் படுத்துக்கொண்டது. காற்று என்பதே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தனை வீடுகளிலும் ராத்திரி அடுப்பைத் தூங்க வைப்பார்களே என்று நினைத்ததும் அவள் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள்.

அவள் புருஷன் பின்பக்கக் கொட்டகையில் அந்தக் கட்டைகளைப் பிளந்துகொண்டிருந்தான். அப்பா செத்த காலையில் விறகு பிளக்கிற மகனைப் பார்த்து யாராவது தப்பாக நினைக்கலாம். அவனுக்கு அழத் தெரியாது, அவ்வளவுதான். பஸ் டிப்போவில் மெக்கானிக். துக்கம் வந்தால் எதையாவது கழற்றுவான், இல்லாவிட்டால் பிளப்பான்.

"என்னங்க, அடுப்பு இன்னைக்கு வேண்டாம்."

"ஆளுங்க வந்துட்டிருக்காங்க. குட்டி மழையில நனைஞ்சிட்டு வருவா. அடுப்பு இல்லாம எப்படி?"

குட்டி அவன் தங்கை. எட்டு மாதக் கர்ப்பிணி. பஸ் ஏறிவிட்டதாக அவள் புருஷன் போன் செய்திருந்தான். அவனுக்கு நாளைக்குத்தான் லீவு கிடைக்குமாம்.

மருமகள் கொட்டகைக் கதவைச் சாத்தினாள். "உங்க டிப்போவில அந்தக் கிளீனர் செத்துப்போனதைச் சொன்னீங்களே. மூடின ஷெட்டுக்குள்ள என்ஜினை ஓடவிட்டுட்டு, சூடா இருக்கும்னு பஸ்லயே தூங்கினவன்."

"அதுக்கு இப்ப என்ன?"

"அவன் முகம் எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

கோடரி பாதி வழியில் நின்றது. "நல்ல சிவப்பா," என்றான். அவன் அதைக் கீழே இறக்கி, கட்டை மேல் சாய்த்து வைத்தான். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை இயக்கக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் எழுதிய பலகைக்குக் கீழேதான் அவன் தினமும் வேலை செய்கிறான். அவனுக்கு விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

"பிடி?" என்றான்.

"மூடியிருந்துச்சு. நான்தான் திறந்தேன். யாரும் பார்க்கலை."

"யார் மூடினது?"

பதில் அவனுக்கே தெரியும். அவன் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்தான். பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. "உளறாத. டாக்டர் பார்த்துட்டுத்தானே போனார். எங்கம்மா கொன்னுட்டாங்கன்னு சொல்றியா?"

"யாரும் கொல்லலைங்க. விறகு ஈரம். வெளியில கறுத்திருக்கும், உள்ளே கனிஞ்சிட்டிருக்கும். அவங்க வழக்கமா பார்க்கிற மாதிரி பார்த்திருக்காங்க, வழக்கம்போல மூடியிருக்காங்க."

"இது அம்மா காதுல விழக்கூடாது." அவன் குரல் இறங்கிவிட்டது. "விழுந்துச்சுன்னா நாளைக்கு ரெண்டு பேரை எடுக்கணும். புரியுதா?"

"சொல்லலைன்னா, இன்னைக்கும் மூடுவாங்க. குட்டியை எங்கே படுக்க வைப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

அவன் கோடரியை மறுபடியும் கையில் எடுத்தான். "நான் பார்த்துக்கறேன்," என்றான். அந்த வீட்டு ஆண்கள் பார்த்துக்கறேன் என்றால், இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம் என்று பொருள். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் அப்போதைக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

குட்டி மத்தியானம் தாண்டி வந்தாள். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். புடவையும் சால்வையும் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தன. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, என் பிள்ளையைப் பார்க்காமலே போயிட்டீங்களே," என்று அழுதவள், அழுகை அடங்கிய பிறகும் பற்கள் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டே இருந்தாள். அத்தைக்கு அதைப் பார்த்ததும் தன் துக்கம் மறந்துவிட்டது. மகளைத் தூக்காத குறையாக நடு அறைக்குக் கூட்டிப்போய் ஈரத்தை மாற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த அதே கட்டிலில் படுக்க வைத்தாள்.

"அப்பா படுத்த இடம்தான். பயப்படாதே. இந்த வீட்டுலயே சூடான இடம் இதுதான்."

அடுப்பில் நான்கு கட்டைகளை வைத்தாள். அவை நுரை தள்ளின. சன்னல் சந்துகளில் துணிப்பட்டை ஒட்டியிருந்தது. தைத்து மிஞ்சிய துணிகளைக் கிழித்து, பசை தடவி, வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது அத்தைதான் ஒட்டுவாள். இந்தத் தடவையும் காற்று நுழைய ஊசிமுனை இடம் வைக்கவில்லை.

மகன் கதவருகே வந்து நின்றான். "அம்மா, இன்னைக்கு அடுப்பு வேண்டாமே. போர்வை போட்டுக்கலாம்."

"வயித்துப்பிள்ளையோட நடுங்கறா. போர்வை போட்டுக்கலாமாம். போய் அப்பா பக்கத்துல உட்காரு, போ."

அவன் மனைவியை ஒரு தடவை பார்த்தான். போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். பார்த்துக்கொண்டது அவ்வளவுதான்.

அன்றைய மத்தியானத்தை மருமகள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள். இடையிடையே ஏதாவது சாக்கு வைத்து நடு அறைக்குள் நுழைந்து கதவைத் திறந்துவிட்டு வருவாள். அவள் முதுகு மறைந்ததும் அத்தை எழுந்து அதைச் சாத்துவாள். பிடி நிமிர்ந்துதான் இருந்தது. இருந்தும் குழாயில் உறுமல் இல்லை. புகை ஏறுகிறதா, உள்ளேயே நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது, ஏனென்றால் கொல்லுகிறது கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லை, நிறமும் வாசனையும் இல்லாத விஷவாயு. அதுதான் அவளைப் பைத்தியமாக அடித்தது. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான் என்று தெரியும், எந்த மூலையில் என்று தெரியாது.

வெளிச்சம் மங்கியது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மருமகள் விளக்கைப் போட நடு அறைக்குள் போனபோது குட்டி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருந்தது.

"அண்ணி, தலை ரொம்ப வலிக்குது," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

"அழுதிருக்கே, வலிக்காம என்ன செய்யும். தூங்கு, சரியாயிடும்," என்றாள் அத்தை. அடுப்பின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தாள். "கறுத்துடுச்சு. தூங்க வச்சிடறேன். சூடு நிக்கும்."

அவள் கை பிடிக்குப் போயிற்று. மருமகள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தையை அவள் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"விடும்மா. என்ன இது?"

"வேண்டாம் அத்தை."

"கறுத்துடுச்சு, பாரு. நெருப்பு இல்ல."

வார்த்தைக்கு எங்கே போவது? மருமகள் அத்தையின் கையை விடாமலே, மற்றக் கையால் இரும்புக் கம்பியை எடுத்து அடுப்புக்குள் விட்டு, நடுக் கட்டையை ஓங்கி ஒரு குத்து குத்தினாள். கரிப் பட்டை உடைந்து கட்டை இரண்டாகப் பிளந்தது. உள்ளே செக்கச்செவேலென்று கனிந்திருந்தது.

அத்தை குனிந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்பின் நிறம் அவள் முகத்தில் விழுந்தது. வாழ்நாளெல்லாம் அடுப்போடு இருந்தவள். அவளுக்கு ஒரு குத்து போதும்.

"நேத்தும் இப்படித்தான் கறுத்திருந்துச்சு," என்றாள் மெதுவாக.

மருமகள் கம்பியைக் கீழே வைத்தாள்.

"காலையில நீ ஓடிவந்ததும் அவர்கிட்ட போகலை. இதுகிட்டதான் போனே. ஏன்னு அப்பவே நினைச்சேன்." அத்தையின் கை பிடியை விட்டு இறங்கியது. "அப்ப இது மூடியிருந்ததா?"

"இல்ல அத்தை. திறந்துதான் இருந்துச்சு."

அத்தை அவளைப் பார்த்தாள். தன் கையால் மூடியது தனக்கே தெரியாதா என்று அவள் கேட்கவில்லை. மருமகளின் கண்கள் நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள், சரி, அப்படியே இருக்கட்டும் என்பது போல. பிறகு எழுந்து முன் அறைக்குப் போனாள். மாமாவின் பக்கத்தில் நின்றாள். அவர் கன்னத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மகன், "என்னம்மா?" என்றான். தையல் மெஷின் மேல் இருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஒட்டியிருந்த துணிப்பட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். பசை இறுகியிருந்த இடங்களில் கத்தரியின் முனையை விட்டு நெம்பினாள். சன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தபோது ஈரக்காற்று முகத்தில் அடித்தது. மறுபக்கம் போய் அடுத்த சன்னலையும் திறந்தாள். வாசல் கதவு, படிக்கட்டுக் கதவு, கொட்டகைக்குப் போகிற கதவு, ஒன்று விடாமல் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தாள். மருமகள் அடுப்பிலிருந்த கட்டைகளை இடுக்கியால் எடுத்துச் சாம்பல் வாளியில் போட்டு வெளியே கொண்டுபோனாள். மழையில் கொட்டினாள். அவை சீறின. மகன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டு, எஞ்சியதை எடுத்து வர உள்ளே போனான்.

அவள் திரும்பி வந்தபோது குட்டி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை வலி பரவாயில்லை போலிருந்தது, ஆனால் பற்கள் மறுபடியும் கிட்டத் தொடங்கியிருந்தன. "அம்மா, எதுக்கு எல்லாத்தையும் திறந்து போட்டே? குளிருதும்மா."

"குளிரட்டும்," என்றாள் அத்தை. "குளிரட்டும்டி."

வீட்டிலிருந்த அத்தனை போர்வைகளையும் கொண்டுவந்து மகள் மேல் போட்டாள். மருமகள் தன் சால்வையைக் கழற்றி அத்தையின் தோளில் போட்டாள். அத்தை அதையும் எடுத்துக் குட்டியின் காலில் சுற்றினாள். குட்டி முனகிக்கொண்டே தூங்கிப்போனாள். அத்தை கட்டிலின் ஓரத்தில், வெறும் புடவையோடு, திறந்த சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். போர்வைக் குவியலின் மேல் கையை வைத்தாள். அது ஏறியது, இறங்கியது. கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.